விதவை என்ன வேகத்தில் பாடுகிறாள்?

ஃபிரான்ஸ் லெஹார் இசையமைத்த ‘குதூகல விதவை’ ஓபரெட்டாவின் இசைத்தட்டு ஒன்று 1953ஆம் ஆண்டு லண்டனில் பதிவுசெய்யப்பட்டது. ஆங்கிலத்தில் ‘தி மெர்ரி விடோ’ என்ற பெயரில் உலகம் அறிந்த படைப்பு இது. நாயகி ஹன்னா கிளாவரியாகப் பாடியவர் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காப்ஃப். இசைக்குழுவை நடத்தியவர் ஓட்டோ ஆக்கர்மன். தயாரித்தவர் வால்டர் லெக். ஓபரெட்டாப் பதிவுகளில் தலைசிறந்தவற்றுள் ஒன்றென்று எழுபது ஆண்டுகளாக இசை விமர்சகர்கள் இதைப் போற்றி வருகிறார்கள். நானும் இதை மிகவும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் ஒவ்வொருமுறை கேட்கும்போதும் ஒரு கேள்வி எழுகிறது. ஹன்னா என்ற இந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்பதை முடிவுசெய்தது யார்? கதையை எழுதியவர்களா, இசையமைத்தவரா, பாடியவரா, இல்லை அந்தத் தட்டு சுழன்ற வேகமா?

இசையைப் பற்றிப் பெண்ணியவாதிகள் எழுதும்போது பெரும்பாலும் பாட்டின் சொற்களையே எடுத்துக்கொள்கிறோம். சொல்லில் இருக்கும் ஆணாதிக்கத்தைப் பிடிப்பது எளிது. காலப்பிரமாணத்திலும் சுருதியிலும் இருப்பதைப் பிடிப்பது அவ்வளவு எளிதல்ல. அதே சொல், அதே மெட்டு. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் பாடுகிறவள் வேறொருத்தி ஆகிவிடுகிறாள். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு படைப்பை வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஓபரெட்டா என்பது பாட்டும் வசனமும் நடனமும் கலந்த இலகுவான இசைநாடகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸிலும் வியன்னாவிலும் கொடிகட்டிப் பறந்தது. ‘குதூகல விதவை’ 1905 டிசம்பர் 30 அன்று வியன்னாவின் தியேட்டர் ஆன் டெர் வீன் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஹென்ரி மெய்லாக்கின் பிரெஞ்சு நாடகம் ஒன்றைத் தழுவி, விக்டர் லியோனும் லியோ ஸ்டைனும் எழுதிய பிரதி. முதல் ஹன்னா மிட்ஸி கியுந்தர். நாயகன் டானிலோவாக நடித்தவர் லூயி ட்ரோய்மன்.

கதை பணத்தைப் பற்றியது. பொன்டேவெட்ரோ என்றொரு கற்பனைக் குட்டி நாடு. மான்டினீக்ரோவைக் கேலிசெய்யும் பெயர். அந்த நாட்டின் அரண்மனை வங்கியாளரை மணந்த ஹன்னா, சில நாட்களிலேயே விதவையாகிறாள். இருபது மில்லியன் அவள் கைக்கு வருகிறது. அவள் பாரிஸுக்கு வந்துவிட்டாள். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரனை மணந்துகொண்டால் பணம் நாட்டைவிட்டுப் போய்விடும், நாடே திவாலாகிவிடும். ஆகவே பொன்டேவெட்ரோவின் தூதர், தூதரக அதிகாரி டானிலோவை அழைத்து ‘நீ அவளை மணந்துகொள், இது தேசக் கடமை’ என்கிறார். ஹன்னாவும் டானிலோவும் முன்பே காதலித்தவர்கள்தாம். அவள் ஏழை வீட்டுப் பெண் என்பதால் அவன் குடும்பம் அன்று மறுத்துவிட்டது. இப்போது பணக்காரியான அவளிடம் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று சொன்னால் பணத்துக்காகச் சொன்னதாகிவிடுமே என்று அவனுக்குத் தன்மானம் தடுக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவே மாட்டேன் என்கிறான். மூன்று அங்கங்களும் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கின்றன.

கடைசியில் முடிச்சு அவிழும் விதத்தைக் கவனியுங்கள். மறுமணம் செய்துகொண்டால் தன் சொத்தை இழந்துவிடுவேன், கணவரின் உயிலில் அப்படி இருக்கிறது என்கிறாள் ஹன்னா. பணம் போய்விடும் என்றதும் டானிலோ நிம்மதியாகக் காதலைச் சொல்லிவிடுகிறான். அதன்பிறகுதான் அவள் மீதியைச் சொல்கிறாள்: சொத்து அவளிடமிருந்து போவது உண்மை, ஆனால் அது போய்ச் சேர்வது புதுக் கணவனிடம். அரங்கம் சிரிக்கிறது. நாடே காப்பாற்றப்பட்டது. இருபது மில்லியன் ஒரு கணவனின் பெயரிலிருந்து இன்னொரு கணவனின் பெயருக்குப் போய்விட்டது. நடுவில் சில மாதங்கள் மட்டும் ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

வகுப்பில் புறநானூற்றுக் கைம்மைப் பாடல்களை நடத்தும்போது எனக்கு இந்த ஓபரெட்டா நினைவுக்கு வருவதுண்டு. பெருங்கோப்பெண்டு மறுத்த கைம்மை வாழ்க்கையில் வேளைக்கீரையும் பரற்கல் படுக்கையும் உண்டு. ஹன்னாவுக்கோ வைரங்களும் நடன விருந்துகளும். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1856ஆம் ஆண்டின் இந்து விதவைகள் மறுமணச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மறுமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்துகொள்ளும் விதவை இறந்த கணவனின் சொத்தில் தனக்குள்ள உரிமையை இழப்பாள் என்றது. அவள் அந்தக் கணமே இறந்துவிட்டதாகக் கருதிச் சொத்து அடுத்த வாரிசுகளுக்குப் போகும். வியன்னா மேடையில் நகைச்சுவையாக வந்த உயில், இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டமாக எழுதப்பட்டிருந்தது. விதவையை மொட்டையடித்து மூலையில் வைத்தாலும், வைரம் பூட்டி நடனக்கூடத்தில் நிறுத்தினாலும், அவள் கையில் உள்ள சொத்து தற்காலிகமானது என்பதில் இரு சமூகங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் லெஹாரின் ஹன்னாவுக்குத் தன் நிலை தெரியும். இதுதான் முக்கியம். அவள் மேடைக்குள் நுழையும்போது பாடும் முதல் பாட்டிலேயே, விதவைகளை எல்லோரும் விரும்புவதாகக் கேள்விப்பட்டேன், அதிலும் ஏழை விதவை பணக்காரி ஆகிவிட்டால் அவளுக்கு மதிப்பு இரட்டிப்பு என்று சுற்றி நிற்கும் ஆண்களின் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சிரிக்கிறாள். பாட்டு மூன்றெண்ணிக்கையில் அமைந்தது, மஸூர்கா நடனத்தின் சாயல் கொண்டது. வியன்னாவின் வால்ட்ஸ் நடனமும் மூன்றெண்ணிக்கைதான். ஆனால் வால்ட்ஸில் அழுத்தம் முதல் எண்ணிக்கையில் விழும், உடல் வழுக்கிக்கொண்டு போகும். மஸூர்காவில் இரண்டாவது அல்லது மூன்றாவது எண்ணிக்கையில் அழுத்தம் விழும். காலைத் தரையில் குத்தி நிறுத்துவதுபோல. பாரிஸ் நாகரிகத்துக்கு நான் இன்னும் பழகவில்லை என்று அவள் சொல்லும்போது இசையும் பாரிஸ் நடையில் இல்லை. அவள் கிழக்கு ஐரோப்பாவின் கிராமத்துக் காலோடு கம்பளத்தின்மேல் நடந்து வருகிறாள்.

முதல் அங்கத்தின் முடிவில் ‘பெண்கள் தேர்வு’ வருகிறது. நடனக்கூடத்தில் யாரோடு ஆடுவது என்பதை அந்தச் சுற்றில் பெண்தான் முடிவுசெய்வாள். ஆண்கள் அத்தனை பேரும் ஹன்னாவை மொய்க்கிறார்கள். அவள் டானிலோவைத் தேர்ந்தெடுக்கிறாள். அவனோ கிடைத்த நடனத்தைப் பத்தாயிரம் பிராங்குக்கு ஏலம் விடுகிறான், தொகை தர்மத்துக்கு என்கிறான். விலையைக் கேட்டதும் காதலர்கள் கலைந்து ஓடிவிடுகிறார்கள். இருபது மில்லியனுக்காக வந்தவர்களுக்குப் பத்தாயிரம் அதிகம். இந்தக் காட்சியின் இசையைத் துள்ளலாக நடத்தினால் ஆண்கள் கேலிக்குரியவர்களாகத் தெரிகிறார்கள். இழுத்து நடத்தினால் அழகான விருந்து ஒன்றின் பின்னணியாக மட்டும் மிஞ்சுகிறது.

இந்த வேறுபாட்டின் உச்சம் இரண்டாம் அங்கத்தின் ‘வில்யா’ பாட்டு. ஓபரெட்டா வரலாற்றில் இதைவிடப் புகழ்பெற்ற சோப்ரானோப் பாட்டு அதிகம் இல்லை. ஹன்னா தன் வீட்டில் விருந்து வைக்கிறாள். தன் ஊர் உடையில் விருந்தினர்களுக்கு ஊர்ப் பழங்கதை ஒன்றைப் பாடிக்காட்டுகிறாள். வில்யா ஒரு காட்டு மோகினி. தெற்கு ஸ்லாவிய நம்பிக்கைகளில் வரும் ‘வீலா’தான் இவள். வேடன் ஒருவன் பாறைமேல் அவளைப் பார்த்து மயங்குகிறான். அவள் அவன் கையைப் பிடித்துத் தன் இருப்பிடத்துக்கு இழுத்துப் போகிறாள். ஆசை தீர முத்தமிடுகிறாள். தீர்ந்ததும் மறைந்துவிடுகிறாள். அவன் ஏங்கிக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் கதை.

ஆசை யாருடையது? மோகினியுடையது. நிறைவு யாருக்கு? அவளுக்கே. விட்டுப் போகிறவளும் அவளே. கேட்கிறவர்கள் எல்லோரும் முணுமுணுக்கும் அந்தப் புகழ்பெற்ற பல்லவி, வேடன் அவளிடம் கெஞ்சும் குரல். அதாவது ஒரு பெண், ஆணின் ஏக்கத்தைத் தன் வாயால் பாடிக்காட்டுகிறாள். முன்பு தன்னை விட்டுவிட்டுப் போன ஒருவன் வரக்கூடிய விருந்தில். இது குறும்பும் எச்சரிக்கையும் கலந்த பாட்டு. ஜி மேஜரில், நம் பேச்சில் சொன்னால் ஐந்து கட்டையில், சங்கராபரணத்தை ஒத்த எளிய சுரவரிசையில், இரண்டெண்ணிக்கையில் அமைந்த நாட்டுப்பாட்டு. கதை சொல்லும் வேகத்தில் பாடினால் இந்தக் குறும்பு கேட்கும்.

ஷ்வார்ட்ஸ்காப்ஃப் அப்படிப் பாடவில்லை. அவர் பல்லவிக்கு வரும்போது காலத்தை இழுக்கிறார். குரலை நூலாக மெலியவிட்டுக் கிசுகிசுப்புக்கு அருகில் கொண்டுபோகிறார். கோரஸ் அவருக்குப் பின்னால் தொலைவில் கேட்கிறது. ஒவ்வொரு சுரமும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நகைபோல் இருக்கிறது. அழகு என்றால் அப்படியோர் அழகு. ஆனால் இந்த வேகத்தில் கதை நின்றுவிடுகிறது. வேடன் மறைந்துபோகிறான், மோகினி மறைந்துபோகிறாள். ஏங்குகிற ஒரு பெண்குரல் மட்டும் எஞ்சுகிறது. பாட்டில் கெஞ்சுகிறவன் ஆண் என்பது சொற்களில் இருக்கிறது. காதில் விழுவதோ பெண்ணின் கெஞ்சல்.

இதைப் பாடகியின் தனிப்பட்ட விருப்பம் என்று மட்டும் விட்டுவிட முடியாது. தொழில்நுட்பத்துக்கும் இதில் பங்குண்டு. மிட்ஸி கியுந்தரும் லூயி ட்ரோய்மனும் 1906லேயே இந்த ஓபரெட்டாவின் பாட்டுகளைத் தட்டுகளில் பதிந்தார்கள். 1925வாக்கில் மின்வழிப் பதிவு வரும்வரை, பாடுகிறவர்கள் பெரிய தகரக் குழலின் வாய்க்கு நேராக நின்று பாட வேண்டும். வயலின் ஒலி குழலுக்குள் சரியாக ஏறாது என்பதால் உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலின்களை வைத்தார்கள். அடிநாதத்துக்கு டபுள் பாஸுக்குப் பதில் டியூபா. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடங்களே கொள்ளும். ஆகவே பாட்டைச் சரணம் குறைத்து வெட்டினார்கள், சில சமயம் விரட்டிப் பாடினார்கள். இழுத்து ஏங்குவதற்கு மெழுகில் இடம் இல்லை.

அக்காலத் தட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுபத்தெட்டுச் சுற்று என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், தொடக்க காலத்தில் எல்லாத் தட்டுகளும் நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. எழுபது முதல் எண்பதுக்கு மேல்வரை வேறுபட்டன. 74 சுற்றில் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் வேகம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது, சுருதியும் ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துவிடுகிறது. குரலின் நிறமே மாறிவிடும். முதிர்ந்த பெண்குரல் சிறுமியின் குரலாக, கீச்சுக் குரலாக ஒலிக்கும். பழைய தட்டுகளில் ஆண்குரல் ‘கம்பீரமாக’ இருக்கிறது, பெண்குரல் ‘கீச்’சென்று இருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குழல்வழிப் பதிவு உயர்ந்த அதிர்வெண்களைச் சரியாகப் பிடிக்காது என்பதால், பெண்குரலின் மெருகைத் தரும் மேலொலிகள் ஏற்கனவே இழந்துபோனவை. அதன்மேல் தவறான சுழல்வேகமும் சேர்ந்தால், இருபத்தாறு வயதில் வியன்னாவையே கட்டிப்போட்ட நடிகை பொம்மைபோல ஒலிப்பாள். பொறியின் குறை பெண்ணின் குறையாகிவிட்டது.

ஆவணக் காப்பகங்களில் பழைய தட்டுகளைச் சீரமைப்பவர்கள், அச்சிட்ட இசைத்தாளில் பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறது என்று பார்த்து, தட்டின் வேகத்தை அதற்கேற்பத் திருத்துவார்கள். வில்யா ஜி மேஜர் என்றால், ஜி மேஜரில் ஒலிக்கும்வரை வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். நியாயமான முறைதான். ஆனால் ஓபரெட்டாப் பாடகிகள் தங்கள் குரலுக்கு ஏற்பச் சுருதியை இறக்கிப் பாடுவது வழக்கம். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நின்று, சொல்லைக் கடித்துத் துப்பும் நடிகைகளுக்குத் தாழ்ந்த சுருதியே தோது. அப்படி ஒருத்தி அரைக் கட்டை இறக்கிப் பாடியிருந்தால், சீரமைப்பவர் அவளை இசைத்தாளின் சுருதிக்கு ஏற்றும்போது அவள் தேர்வையே அழித்துவிடுகிறார். வேகமும் கூடவே தப்பிவிடுகிறது. தட்டில் சுருதியும் காலப்பிரமாணமும் பிரிக்க முடியாதவை. ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும்.

மூன்று நிமிடக் கட்டாயம் நெடுநாள் நீடித்தது. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்பி தட்டை அறிமுகப்படுத்தியது. பிரிட்டனின் ஈஎம்ஐ நிறுவனம் 1952இல்தான் எல்பிக்கு வந்தது. அடுத்த ஆண்டே வந்தது நாம் பேசும் ‘குதூகல விதவை’. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் இடம் கிடைத்தது. நாந்தா, மின் ஒலிவாங்கி கிசுகிசுப்பையும் பிடித்துவிடும். மெதுவாகப் பாடவும் மெலிதாகப் பாடவும் இப்போது முடியும். வால்டர் லெக் ஒவ்வொரு சொல்லையும் செதுக்கி எடுக்கும் தயாரிப்பாளர் என்று பெயர்பெற்றவர். அதே ஆண்டு ஷ்வார்ட்ஸ்காப்ஃபை மணந்துகொண்டார். அவர்கள் கைக்குப் புதிய நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை ஏக்கத்தால் நிரப்பினார்கள்.

ஏன் ஏக்கத்தால்? இங்கேதான் வரலாறு உள்ளே வருகிறது. 1905க்கும் 1953க்கும் இடையே இந்த விதவைக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இது ஹிட்லருக்குப் பிடித்தமான ஓபரெட்டா. பிரதியை எழுதிய லியோனும் ஸ்டைனும் யூதர்கள் என்பதால், நாஜி ஆட்சியில் அவர்கள் பெயர்கள் மறைக்கப்பட்டன. இசை மட்டும் ஒலித்தது. லெஹாரின் மனைவி சோஃபி யூதராகப் பிறந்தவர். சிறப்புச் சலுகையால் உயிர் தப்பினார். 1940இல் லெஹார் தன் எழுபதாம் வயதில் வியன்னா பில்ஹார்மோனிக் குழுவுக்காக இதே ஓபரெட்டாவுக்குப் புதிய, பெரிய முன்னிசை ஒன்றை எழுதினார். முதல் டானிலோவான லூயி ட்ரோய்மன், தட்டில் மிட்ஸி கியுந்தரோடு வால்ட்ஸ் பாடிய அதே ட்ரோய்மன், யூதர் என்பதால் டெரேசியன்ஸ்டட் முகாமுக்கு நாடுகடத்தப்பட்டு 1943இல் அங்கே இறந்தார். ஷ்வார்ட்ஸ்காப்ஃப் 1940இல் நாஜிக் கட்சியில் உறுப்பினரானவர்.

இத்தனைக்கும் பிறகு 1953இல் ஐரோப்பாவின் நடுத்தர வர்க்கம் கேட்க விரும்பியது, எதுவும் நடக்காத ஒரு பழைய வியன்னாவை. அந்த வியன்னாவுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அது விதவையின் குரலாக அமைந்தது. இழந்ததை எண்ணி மெதுவாக ஏங்குகிற குரல். உண்மையில் 1905இன் ஹன்னா எதையும் எண்ணி ஏங்குகிறவள் அல்ல. அவள் கணக்குத் தெரிந்தவள், விலை கேட்கிறவள், ஆணின் வாயிலிருந்து ஒரு வாக்கியத்தை வரவழைக்க மூன்று அங்கங்கள் காய் நகர்த்துகிறவள். தூதரின் மனைவி வேறொருவனோடு தோட்ட மண்டபத்தில் அகப்படவிருந்தபோது, அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தானே உள்ளே போய் நின்று பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். இன்னொரு பெண்ணைக் காப்பாற்றத் தன் காதலையே பணயம் வைக்கும் அவளை ஏக்கத்தின் சின்னமாக்கியது பிற்காலத்தின் வேலை. போர் முடிந்த ஐரோப்பா தன் துக்கத்தை, தன் குற்றத்தை நேராகப் பார்க்க மாட்டாமல், ஒரு பெண்குரலின்மேல் இறக்கிவைத்தது. தேசங்கள் தங்களுக்கு அழ முடியாதபோது பெண்களை அழச் சொல்வது நமக்கும் தெரிந்ததே.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே பதிவில் நுழைவுப் பாட்டை ஷ்வார்ட்ஸ்காப்ஃப் பாடும் விதத்தில் ஏளனம் தெறிக்கிறது. சொற்களின் ஓரங்களை அவர் மடித்து வீசும் விதத்தில் அவர் ஹன்னாவைப் புரிந்துகொண்டவர் என்பது தெரிகிறது. ஆனால் கேட்பவர்கள் நினைவில் நின்றது வில்யாதான். பின்னால் வந்தவர்கள் பின்பற்றியதும் அதையே. 1972இல் ஹெர்பெர்ட் ஃபான் காராயன் நடத்திய பதிவில், எலிசபெத் ஹார்வுட் ஹன்னாவாகப் பாட, இந்த மெதுவான ஆடம்பரம் இன்னும் கனத்தது. இசைக்குழு பட்டுத்திரைபோல் அசைகிறது. நகைச்சுவை திரைக்குப் பின்னால் போய்விட்டது.

மூன்றாம் அங்கத்தின் புகழ்பெற்ற வால்ட்ஸுக்கு வருவோம். இதுவும் ஜி மேஜர்தான். இரண்டாம் அங்கத்தில் இந்த மெட்டுக்குச் சொல் கிடையாது. இருவரும் ஆடிக்கொண்டே வாய்மூடி முனகுகிறார்கள். மூன்றாம் அங்கத்தில் சொல் வரும்போதும், உதடுகள் பேசவில்லை, வயலின்கள்தாம் பேசுகின்றன என்றே அது தொடங்குகிறது. பல ஆண்டுகள் நான் இதைப் பெண்ணின் மௌனம் பற்றிய பாட்டாக மட்டுமே பிறர் விளக்கக் கேட்டிருக்கிறேன். கதைப்படி பேச மறுப்பவன் டானிலோ. அவன் தன்மானத்தின் மௌனத்தை வயலின்கள் சரிக்கட்டுகின்றன. வியன்னா வால்ட்ஸின் இலக்கணம் இங்கே பொருள் கொள்கிறது: இரண்டாவது எண்ணிக்கை சற்று முந்தி வந்துவிடும், மூன்றாவது தயங்கும். இசைத்தாளில் எழுத முடியாத இந்த முந்தலும் தயக்கமும்தான் ஹன்னாவும் டானிலோவும். அவள் முந்துகிறாள், அவன் தயங்குகிறான். காலத்தை இழுத்துச் சமமாக வழியவிட்டால் இருவரும் ஒரே ஏக்கத்தில் கரைந்துவிடுகிறார்கள். அவள் காத்திருக்கிறாள் என்பதும் அவன் காக்கவைக்கிறான் என்பதும் கேட்காது.

1905இன் வியன்னாவில் பெண்களைப் பற்றிய பேச்சு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஓபரெட்டாவின் இன்னொரு புகழ்பெற்ற எண் அதைப் பற்றியதே. இரண்டாம் அங்கத்தில் ஏழு ஆண்கள் வரிசைகட்டி நின்று, பெண்களைப் படிப்பது கடினமான படிப்பு என்று அணிவகுப்புத் தாளத்தில் பாடுகிறார்கள். எத்தனை வகைப் பெண்கள், எந்த முடி, எந்தக் குணம் என்று பட்டியல் போடுகிறார்கள். லெஹார் படைக்குழு இசைநடத்துநராக இருந்தவர். அணிவகுப்பு அவருக்குக் கைவந்த கலை. பாட்டு கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். அதே ஊரில் 1903இல் ஓட்டோ வைனிங்கரின் ‘பாலினமும் குணமும்’ வந்து, பெண்ணுக்கு ஆன்மாவே இல்லை என்ற வாதத்துக்குத் தத்துவ வேடம் போட்டது. 1905இல் சிக்மண்ட் ஃபிராய்ட், டோரா என்ற புனைபெயர் சூட்டிய இளம்பெண்ணின் சிகிச்சை வரலாற்றை வெளியிட்டார். பெண் என்பவள் ஆண்கள் படிக்க வேண்டிய பாடம் என்பதில் மேடைக்கும் மருத்துவ அறைக்கும் ஒத்த கருத்து இருந்தது.

அதே 1905இல்தான் ரோசா மைரெடர் பெண்மை என்ற கருத்தாக்கத்தையே விசாரணைக்கு உட்படுத்திய தன் கட்டுரை நூலை வெளியிட்டார். 1893இல் தொடங்கிய பொது ஆஸ்திரியப் பெண்கள் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் அவர். ஹ்யூகோ வோல்ஃபின் ஓபரா ஒன்றுக்கு இசைநாடகப் பிரதி எழுதியவரும்கூட. வியன்னாப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் புலம் 1897இலும் மருத்துவப் புலம் 1900இலும் பெண்களுக்குத் திறந்தன. ஆனால் 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசியல் சங்கங்களில் உறுப்பினராகப் பெண்களுக்கு இன்னும் தடை. வாக்குரிமை 1918இல்தான். ஆண்கள் மேடையில் ‘பெண்களைப் படிப்பது கடினம்’ என்று பாடிய இரவுகளில், ஊரின் மறுபக்கம் பெண்கள் தாங்களே படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஓபரெட்டா முடிவது வால்ட்ஸில் அல்ல. வால்ட்ஸ் முடிந்து, காதல் சொல்லப்பட்டு, பணம் கைமாறிய பிறகு, எல்லோரும் சேர்ந்து அந்த ஆண்களின் அணிவகுப்புப் பாட்டைத் திரும்பப் பாடுகிறார்கள். ஹன்னாவும் அதில் சேர்ந்து பாடுகிறாள். இருபது மில்லியனை இழந்த சில நிமிடங்களில் அவள் வாயில் வரும் கடைசிப் பாட்டு, பெண்களைப் படிப்பது கடினம் என்பது. தட்டில் இது ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. கைத்தட்டலுக்கான எண் என்று எண்ணி, கேட்பவர்கள் பலர் அதற்குள் தட்டை நிறுத்திவிடுகிறார்கள்.

நான் நிறுத்துவதில்லை. இளம் பாடகிகள் சிலர் இப்போது வில்யாவைக் கதை சொல்லும் வேகத்தில், முகத்தில் சிரிப்போடு பாடுகிறார்கள். அப்படிப் பாடியவள் கடைசி அணிவகுப்புக்கு வரும்போது அந்த வரியைக் கேலியாகத் திருப்பிப் போடுகிறாள். படிக்க முடியவில்லையா, உங்கள் பாடு என்கிற தொனி. வில்யாவில் ஏங்கியவளால் அதைச் சொல்ல முடியாது. அவள் அந்தக் கூட்டத்தில் ஒரு குரலாகக் கரைந்துவிடுகிறாள். சொல்லும் மெட்டும் சுருதியும் இரண்டிலும் ஒன்றுதான். இடையில் மாறியது காலப்பிரமாணம் மட்டுமே. ஒரு பெண்ணின் பாட்டை யாராவது மெதுவாக்கும்போது, அந்த மெதுவில் யாருடைய துக்கம் ஏற்றப்படுகிறது என்று நாம் கேட்கப் பழக வேண்டும்.